சேர்வராயன் மலையில் கன்னிக் கொத்து: நான்கு இரவுகள்

ஏப்ரல் 6, ஏற்காடு
சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த எட்டு அங்குல டாப்சோனியனில் (எளிய தாங்கியில் திரும்பும் ஆடித் தொலைநோக்கி) ஆடிகள் கட்டாயம் நகர்ந்திருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே லேசர் வைத்து நேர்படுத்தியாயிற்று. கீழேயிருந்து கொண்டுவந்த சூட்டை முதன்மை ஆடி விட முக்கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குமுன் பார்த்தால் விண்மீன்கள் கானல்போல் நெளியும்.

ஏப்ரல் 7
கன்னிக் கொத்து (கன்னி ராசிப் பக்கம் தெரியும் விண்மீன் திரள்களின் கூட்டம்) இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வருகிறது. சேலத்து வெளிச்சம் அடிவானத்தோடு நின்றுவிடுவதால் அது நல்லது. ஆனால் நேர் உச்சியில் டாப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்பியும் பயனில்லை. எனவே 10 மணிக்குத் தொடங்கி, உச்சி தொடுமுன் முடிக்க வேண்டும்.

டெனிபோலாவுக்கும் (நம் உத்திரம்) கன்னியின் விண்டெமியாட்ரிக்ஸ் விண்மீனுக்கும் சரிபாதியில் எம்84 என்ற திரள். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இன்னொரு திரளான எம்86-ம் அதே வட்டத்தில் வருகிறது. அங்கிருந்து மார்க்கேரியன் சங்கிலி என்னும் திரள் வரிசை வடகிழக்கே வளைகிறது. ஓரக்கண்ணால் பார்த்தால்தான் என்ஜிசி 4435, 4438 இரண்டும் ஜோடிக் கண்களாகத் தெளிகின்றன.

இரு பெரிய திரள்களிலும் சுருள்கரங்கள் இல்லை. கருவியின் குறை அல்ல அது. அங்கே புது விண்மீன் பிறப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. கொத்துக்குள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதற்குள் வினாடிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் பாயும் எம்86 எதிர்க்காற்றில் தன் வாயுவை இழக்கிறது. குளிர்ந்த வாயு இல்லையேல் விண்மீன் இல்லை.

ஏப்ரல் 8
மூடுபனி. துணை ஆடியில் ஈரம் படிந்ததால் மூடி வைத்தாயிற்று.

எம்86 இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. கொத்து மொத்தமாக நம்மை விட்டு விலகினாலும் அது நம்மை நோக்கி வினாடிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் வருகிறது, சிவப்புப் பெயர்ச்சியை (விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) மட்டும் நம்பித் தூரம் கணித்தால் அபத்தமான விடை வரும். இந்தச் சொந்த ஓட்டத்தால்தான் திரள்களின் வரைபடங்களில் ஒவ்வொரு கொத்தும் நம்மை நோக்கி நீட்டிய விரல்போல் இழுபட்டுத் தெரிகிறது. கூட்டம் எவ்வளவு அடர்த்தி என்று எண்ணுமுன் அந்த இழுவையைக் கழிக்க வேண்டும்.

பிரபஞ்சம் முழுவதிலும் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றைய வேகம் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அன்று நெரிசலான இடங்களே மும்முரமாக விண்மீன்களை ஈன்றன. இன்று அவையே ஓய்ந்து கிடக்கின்றன. அந்தக் காலத்தை அளக்க, பிறப்பிடங்களில் ஒளிரும் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை, பிரபஞ்ச விரிவில் அது நீண்டுவிடுவதால், 1,970 நானோமீட்டர் வாக்கில், அகச்சிவப்பில் தேட வேண்டும். இளம் விண்மீன்களின் புறஊதாவை மட்டும் கூட்டினால் தூசு விழுங்கியது கணக்கில் விடுபடும்.

ஏப்ரல் 9
வானம் தெளிவு. கன்னியின் பொரிமா விண்மீனிலிருந்து வடமேற்கே ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்து, 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறினால் 3சி 273 குவேசார் (தொலைதூரத் திரளின் நடுவில் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் மையம்). விரிவான வரைபடம் இல்லாமல் பக்கத்து விண்மீன்களிலிருந்து பிரித்தறிய முடியாது, வெறும் புள்ளிதான். சுமார் 200 கோடி ஆண்டுப் பழைய ஒளி. எட்டு அங்குல ஆடி எட்டும் எல்லை கிட்டத்தட்ட இதுதான், விண்மீன் பிறப்பின் உச்சக் காலம் அதற்கும் ஐந்து மடங்கு அப்பால்.