ஒரு கை தூரத்துப் படங்களுக்காகக் கேமராவை மாற்றினேன்

எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருந்த நிக்கான் டி750 கேமராவையும் அதன் லென்சுகளையும் விற்றுவிட்டு, ஃபியூஜி எக்ஸ்-டி3க்கு மாறி ஓராண்டுக்கு மேலாகிறது. பழைய கேமராவில் குறையென்று சொல்ல எதுவும் இல்லை. நான் எடுக்க விரும்பும் படங்களுக்கு அது ஒத்துவரவில்லை என்பதுதான் காரணம். அதை உணர்ந்து, சோதித்து, விற்று, வாங்கி, கை பழகுவதற்குள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகிவிட்டன.

மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான், வாரத்தில் இரண்டு நாளாவது விடிவதற்கு முன் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். படகிலிருந்து இறங்கும் மீனையும், ஏலம் எடுத்துக் கூடையில் அடுக்கும் பெண்களையும், ஐஸ் உடைப்பவர்களையும் மிக அருகில் நின்று எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் டி750 பேட்டரியோடு 840 கிராம், அதில் நான் மாட்டியிருந்த, 24 முதல் 70 மி.மீ. வரை ஜூம் செய்யும் 24-70 எஃப் 2.8 லென்ஸ் 900 கிராம். எடையைவிடப் பெரிய தொல்லை அந்த லென்ஸின் நீளம்தான். கண்ணில் வைத்தவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். சங்கரா மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, 2023ஆம் ஆண்டு மாசி மகத்துக்கு முந்தைய வாரம், என்னைப் பார்த்ததும் கையைக் கழுவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். "இன்னா தம்பி, எந்த டி.வி.லேர்ந்து வர்றே? தடைக்கால நிவாரணத்தக் கூட்டித் தரச் சொல்லிப் போடு" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எடுக்க வந்த படம் மட்டும் அங்கே இல்லாமல் போய்விட்டது. தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரியன்றும் அதே நிலைதான். பத்திரிகைக்காரர் என்று எண்ணிக் கூட்டம் எனக்கு மரியாதையாக வழிவிட்டது. கூட்டத்துக்குள் கரைந்து நிற்க வேண்டிய நான், வெட்டவெளியில் தனியாக நின்றேன்.

அன்றிரவே புதுக் கேமரா தேடத் தொடங்கவில்லை. ஆசை எது, தேவை எது என்று பிரித்துப் பார்க்க ஒரே சாட்சி என் பழைய படங்கள்தான் என்று தோன்றியது. படங்களைத் தொகுக்கும் லைட்ரூம் மென்பொருளில், படத்தோடு பதிவாகும் விவரங்களைக்கொண்டு பிரிக்கும் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து, எட்டு ஆண்டுகளில் நான் நன்றாக வந்தவை என்று குறித்து வைத்திருந்த படங்களைக் குவியத் தூரப்படி, அதாவது லென்ஸ் காட்டும் கோணத்தைக் குறிக்கும் மி.மீ. எண்படி, பிரித்துப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்டவை 30 முதல் 40 மி.மீ.க்குள் அடங்கின. தொலைவில் இருப்பவற்றை எடுக்க ஆசையாக வாங்கிய 70-200 லென்ஸில் எடுத்தவற்றில் தேறியவை, புதுச்சேரி அருகே ஊசுட்டேரியில் எடுத்த சில பறவைப் படங்கள் மட்டுமே. கேமராவை மாற்ற நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, இந்தக் கணக்கைப் பாருங்கள் என்பதுதான். ஒரு மாலைப்பொழுது போதும், செலவும் கிடையாது.

அடுத்த சோதனைக்கு மீன்பிடித் தடைக்காலம் வசதியாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையோரம் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும் படகைப் பழுதுபார்ப்பதுமாகத் துறைமுகம் நிதானமாக இயங்கும். ஜூம் வளையத்தை 35 மி.மீ.யில் நிறுத்தி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி ஒட்டிவிட்டு, ஒரு மாதம் அப்படியே எடுத்தேன். முதல் வாரம் கை தானாகவே வளையத்தைத் திருப்பப் போனது. மூன்றாவது வாரத்தில், எவ்வளவு தூரத்தில் நின்றால் சட்டத்துக்குள் என்ன அடங்கும் என்பது கேமராவை உயர்த்தும் முன்பே தெரிந்துவிட்டது. ஒரே லென்ஸ் எனக்குப் போதும் என்று அப்போதுதான் உறுதியானது.

உள்ளே கண்ணாடி இல்லாத, நிக்கானின் மிரர்லெஸ் கேமராவுக்கே போயிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஒளியைப் பதியும் சென்சாருக்கும் இடையே, பழைய எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. தூரம், புதிய இசட் மவுண்டில் 16 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள தூரத்தை ஓர் அடாப்டர் நிரப்பிக்கொள்ளும் என்பதால் பழைய லென்சுகளை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் என்னை உறுத்தியது அந்த 900 கிராம் லென்ஸ்தானே; அதையும் அடாப்டரையும் சேர்த்துச் சுமப்பதில் என்ன மாறிவிடும்?

சிறிய சென்சார் குறித்துத்தான் உண்மையில் அஞ்சினேன். விடியலுக்கு முன் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவனுக்கு அது சின்ன விஷயமல்ல. டி750இன் ஃபுல் ஃப்ரேம் சென்சார் ஏறத்தாழ 36-க்கு 24 மி.மீ.; ஃபியூஜியின் ஏ.பி.எஸ்-சி சென்சார் 23.5-க்கு 15.6. பரப்பளவில் பாதிக்கும் குறைவு. ஆனால் நான் வாங்க எண்ணிய 23 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. காட்டும் கோணத்தையே காட்டும். அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 2; எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8-ஐவிட அது இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒரு பக்கம் இழப்பதில் பெரும்பகுதி மறுபக்கம் திரும்பி வந்துவிடுகிறது. கணக்கு இப்படிச் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. முத்தியால்பேட்டையில் இருக்கும் நண்பர் தன் ஃபியூஜியைப் பத்து நாட்கள் கொடுத்து உதவினார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில், உள்ளே இருட்டாக இருக்கும் இடங்களிலேயே நின்று, இரண்டு கேமராக்களிலும் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 3200, 6400 இரண்டிலும் வைத்து எடுத்து, ஏ4 அளவில் அச்சிட்டு மேசைமேல் பரப்பினேன். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று என் மனைவியால் சொல்ல முடியவில்லை. உற்றுப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வேறுபாட்டுக்காக ஒரு கிலோ கூடுதலாகச் சுமக்க நான் தயாரில்லை.

விற்பனையில் பொறுமை மிகவும் தேவைப்பட்டது. டி750இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. என்னுடையது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதைக் காட்டியும் ஒரு கடையில் சொன்ன விலை மனத்தை நோகச் செய்தது. இரண்டு மாதம் காத்திருந்து, திருமணப் படம் எடுக்கும் இளைஞர் ஒருவரிடம் நேரடியாக விற்றபோது, கடை சொன்னதைவிடப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. வாங்கும்போது ஒருமுறை ஏமாந்தேன். கூரியரில் வந்த பழைய 23 மி.மீ. லென்ஸை, செல்போன் டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தபோது, உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. விற்றவர் திருப்பி எடுத்துக்கொண்டாலும் கூரியர் செலவும் இரண்டு வாரமும் போயின. நம் கடற்கரையின் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதில் வளரும். பழைய லென்ஸை இந்த டார்ச் சோதனை இல்லாமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கேமராவும் லென்ஸும் சேர்ந்து இப்போது 719 கிராம். லென்ஸின் நீளம் ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டுமே தூசியும் சாரலும் எளிதில் புகாதபடி அமைந்தவை என்பதால்தான், இதைவிடச் சிறிய எக்ஸ்-டி30ஐ விட்டுவிட்டு இதை வாங்கினேன். எனினும் வீடு திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்துவிடுகிறேன். ஒருநாள் ஷட்டர் வேக டயலின் விளிம்பில் மீன் செதில் ஒன்று காய்ந்து கண்ணாடித்தாள்போல ஒட்டியிருந்ததை நகத்தால் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

கை பழகத்தான் நாளாயிற்று. நிக்கான் லென்ஸை மாட்டும் திசைக்கு நேரெதிர் திசையில் ஃபியூஜி லென்ஸைத் திருப்ப வேண்டும்; எட்டு ஆண்டுப் பழக்கம் விரலை விட்டுப் போக மறுத்தது. மாறாக, லென்ஸின் மேலேயே இருக்கும் அப்பர்ச்சர் வளையம் முதல் நாளே மனத்துக்கு இசைந்துவிட்டது. எஃப் 2-லிருந்து மூன்று 'க்ளிக்' திருப்பினால் 2.8, மேலும் மூன்று திருப்பினால் 4. இருட்டில், கண்ணை எதிரிலிருப்பவர் மீதிருந்து எடுக்காமல், விரலாலேயே எண்ணிக்கொள்ளலாம். என் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால், அக்ரோஸ் என்ற கறுப்பு வெள்ளை முறையை வைத்துவிட்டால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலேயே காட்சி கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. ரா எனும் மூலக் கோப்பில் வண்ணமும் பத்திரமாக இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும் வேளையில், எதிர்வெளிச்சத்தில் நிற்பவர் நிழலுருவாக மாறுவாரா, முகம் தெரியுமா என்பதை எடுக்கும் முன்பே பார்த்து, டயலைத் திருப்பி முடிவு செய்ய முடிகிறது. நிக்கானின் ஒளியியல் வியூஃபைண்டரில் இதை அனுமானித்தே எடுத்துவந்தேன்.

இழந்தவையும் உண்டு. டி750இல் ஒரு பேட்டரிக்கு 1,230 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு, இதில் 390. சட்டைப்பையில் மூன்று பேட்டரிகள் இல்லாமல் கிளம்புவதில்லை. தானாக உறங்கிவிட்ட கேமரா விழித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில், படகின் முனையிலிருந்து தண்ணீருக்குள் குதித்த இரண்டு சிறுவர்களைத் தவறவிட்டேன். அன்றே தானியங்கி அணைப்பை நிறுத்திவிட்டேன். அதனால் பேட்டரி இன்னும் விரைவாகத் தீர்கிறது. பறவைப் படங்கள் என் வாழ்விலிருந்து போய்விட்டன.

தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பிய சில வாரங்களில், அதே அம்மாவிடம் போனேன். என் கையில் இருந்ததைப் பார்த்து, "சின்னதா இருக்கே, பழைய கேமராவா?" என்று கேட்டார். "ஆமாம்மா, பழசுதான் வாங்கினேன்" என்றேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. சங்கராவை இரண்டிரண்டாக எடுத்துக் கூடையில் போட்டு, உதட்டசைவில் எண்ணிக்கொண்டே போனார். ஒரு கை தூரத்தில் குந்தியிருந்து, சத்தமில்லாத ஷட்டரில் ஏழு படங்கள் எடுத்தேன். எண்ணி முடித்து, "நாப்பத்தாறு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.