மஞ்சள் வயிற்று மீனைத் தேடி மெனிண்டிக்கு

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் டேங்கை நிரப்பிக்கொண்டு தென்கிழக்கே கிளம்பினோம். மெனிண்டிக்கு 110 கிலோமீட்டர். வழி முழுக்கச் செம்மண், சாம்பல் நிறப் புதர்கள், அவ்வப்போது சாலையைக் கடக்கும் ஈமுக்கள். போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் எங்கள் அடிலெய்டு நேரம்தான். மெனிண்டி போனதும் அரை மணி முன்னால் ஓடும். ஐஸும் இரையும் வாங்க நினைப்பவர்கள் கடை மூடும் நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். மீன்பிடி உரிமக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டிவிடுங்கள்.

பாமமாரூ ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கக் கிளம்பிய பர்க், வில்ஸ் பயணக் குழு 1860இல் முகாம் போட்ட இடம் பக்கத்தில்தான். பக்கத்தில் ஓடும் டார்லிங் ஆற்றுக்கு இங்குள்ள பூர்வகுடிகளான பார்க்கிஞ்சி மக்கள் வைத்த பெயர் பாக்கா. வெள்ளம் வரும்போது ஆறு நிரம்பி வழிந்து ஏரிகளில் தேங்கும். தண்ணீர் பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி. விரலை முக்கினால் இரண்டாவது கணு தெரியாது.

முதல் நாள் முழுக்கக் கார்ப்தான். ஐரோப்பாவிலிருந்து வந்து இந்த ஆற்றையே கலக்கிவிட்ட மீன் அது. திரும்ப விட மனம் வரவில்லை, உடனே கொன்று கரையில் புதைத்தோம்.

மறுநாள் காலை, பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் எங்கள் தூண்டிலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மாட்டியிருந்த மண்புழுவைக் கழற்றிப் போடச் சொன்னார். தன் வாளியிலிருந்து இரண்டு யாபி கொடுத்தார். யாபி என்றால் விரல் நீளத்தில் குட்டிச் சிங்கி இறால் மாதிரி இருக்கும். தூரமாக வீச வேண்டாம், தண்ணீரில் மூழ்கி நிற்கும் பட்டமரத்தை ஒட்டி நேராக இறக்கு, தூண்டில் நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விடு என்றார். அவ்வளவுதான் பாடம்.

பத்து நிமிடம் இருக்கும். டக், டக் என்று இரண்டு தட்டு. பிறகு யாரோ கோலைக் கீழே அழுத்துவது போல ஒரு கனம். என் மகள்தான் ரீலைச் சுற்றினாள். மேலே வந்தது யெல்லோபெல்லி, அதாவது நாங்கள் தேடி வந்த மஞ்சள் வயிற்று மீன்; இங்கே எல்லாரும் அழைக்கும் பெயர் அதுதான். 43 சென்டிமீட்டர். முதுகு வெண்கல நிறம், வயிறு வெளிறிய மஞ்சள், நெற்றி உள்ளே குழிந்து அப்புறம் கூன் போல எழும்புகிறது. அடித்துடுப்பில் நூல் மாதிரி இரண்டு இழைகள். அதுவரை படங்களில் நான் கவனிக்காதது அது.

“அப்பா, கையை நனைச்சுக்கோங்க, அப்புறம் தொடுங்க” என்றாள். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய் மீனுக்கு நோய் பிடிக்கும் என்று பெரியவர் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

இந்த மீனுக்கு இந்த ஏரிகள் வெறும் தண்ணீர் இல்லை, தொட்டில். வெள்ளம் வந்தால்தான் அது பெருமளவில் முட்டையிடும். முட்டைகளும் குஞ்சுகளும் ஆற்றோடு மிதந்து வந்து, நுண்ணுயிர் நிறைந்த இந்த ஆழமில்லாத ஏரிகளில் வளரும். மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தில் வளையம் விழுவது போல, வளர்ந்த தண்ணீரின் தடயம் படியும். அதை ஆராய்ந்துதான், தெற்கே முர்ரே ஆற்றில் பிடிபடும் பல யெல்லோபெல்லிகள் டார்லிங்கில் பிறந்து மெனிண்டியில் வளர்ந்தவை என்று கண்டுபிடித்தார்கள். ஏரி வற்றிப்போனால் அடிபடுவது மெனிண்டி மட்டும் அல்ல.

2023 மார்ச்சில் நடந்ததைப் பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார். வெள்ளம் வடிந்து, வெயில் ஏறி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, ஊரை ஒட்டிய ஆற்றில் இரண்டு மூன்று கோடி மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலும் போனி ஹெர்ரிங் என்ற மீன். 2018 கடைசியில் தொடங்கிய கோடையிலிருந்தே அடுத்தடுத்து இப்படித்தான், அப்போது செத்ததில் பெரிய முர்ரே காட் மீன்களும் உண்டு. நாற்றம் வீட்டுக்குள்ளேயும் வந்தது என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காட் எங்களுக்கு மாட்டவில்லை. மாட்டியிருந்தாலும் 55இலிருந்து 75 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை காட் பிடிக்கவே கூடாது. யெல்லோபெல்லி 30 சென்டிமீட்டருக்கு மேல், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து. நாங்கள் மூன்று நாளில் இரண்டுதான் வைத்துக்கொண்டோம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி இரும்புச் சட்டியில் பொரித்ததில் சதை வெள்ளையாக, தடித்த இதழ்களாகப் பிரிந்தது. பெரியவருக்கும் ஒரு தட்டு போனது. ஐந்தும் பிடிக்கலாம் என்பதற்காக ஐந்தும் எடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. பெரிய பெண் மீன்கள் இந்த ஏரியில் இருப்பதுதான் சரி.

கடைசி மாலை, மகளின் தூண்டிலில் சின்ன வாயும் பிளந்த வாலுமாக ஒரு வெள்ளி நிற மீன். சில்வர் பெர்ச். அழியும் நிலையில் உள்ளது, ஆற்றில் பிடித்தால் விட்டே ஆகவேண்டும். அவள் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, மீனை இரு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம். சட்டென்று வால் ஒரு வீச்சு வீசியது. அவள் முகமெல்லாம் சேற்றுத் தண்ணீர்.