கல்லில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலகப் போர் நினைவுக்கல் இன்னும் இருக்கிறது. 1914-1919 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பெயர் கிடையாது. எங்கள் ஊர்க் கல்லில் இறந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐவர் யார் என்று எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஆனால் நம் ஆட்களைப் பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பது கடினம். முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஏழெட்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கைகொடுத்தது ‘கூடுதல் விவரம்’ என்ற பகுதிதான். இன்னாருடைய மகன், இந்த ஊர், இந்த ஜில்லா என்று பல பதிவுகளில் அங்கே குறித்திருக்கிறார்கள். ஜில்லாவுக்கு அந்தக் காலப் பெயரைத்தான் போட வேண்டும். வேலூரும் திருவண்ணாமலையும் அன்று வட ஆர்க்காடு. தருமபுரிக்காரர்கள் சேலத்தில் தேட வேண்டும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பழைய கெசட்டியரில், அதாவது அந்தக் கால அரசு ஜில்லா விவரத் தொகுப்பில் பார்த்துக்கொண்டேன்.

அப்படித்தான் மூன்று பேர் கிடைத்தார்கள். மூவரும் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இறந்தவர்கள். மூவருக்கும் தனிக் கல்லறை இல்லை. பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் கணக்கில் வருகிறார்கள். 1929-இல் திறந்த அந்தச் சின்னத்தின் சுவரிலும் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்கவில்லை. அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. பெயர்களெல்லாம் பதிவேட்டோடு சரி. எங்கள் ஊர்க் கல்லில் நடந்ததேதான் அங்கேயும். அதைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

எப்படி இறந்தார்கள் என்று அறிய, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப்பிரிவு நாட்குறிப்புகளைப் பார்த்தேன். அங்கேயும் வெள்ளை அதிகாரிக்குக் காயம் என்றால் பெயர் இருக்கிறது, சிப்பாய் என்றால் ‘இருவர்’, ‘மூவர்’. ஆனால் தேதி இருப்பதால், அன்று படை எங்கே இருந்தது, சண்டை நடந்ததா, காலரா பரவியதா என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

நாலாமவர் கிடைத்தது ஊருக்குள்ளேயே. ஒரு பாட்டியின் தகரப் பெட்டியில் பித்தளை நிறத்தில் ஒரு பதக்கம், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதன் விளிம்பில் எண், பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் குத்தியிருந்தது. சிப்பாய்க்கு வெள்ளி, படையோடு போன சுமைகூலிகளுக்கும் சமையல்காரர்களுக்கும் வெண்கலம். வெள்ளிப் பதக்கங்கள் பல வீடுகளில் கஷ்ட காலத்தில் விலைபோய்விட்டன. வெண்கலத்துக்கு யாரும் காசு தராததால் இது தங்கியது. “எங்க தாத்தா கோவேறு கழுதை ஓட்டினாராம், திரும்பி வரலைப்பா” என்றார் பாட்டி.

ஐந்தாமவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வடாற்காட்டுப் பக்கம் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பதக்கம் இருந்தால், புளி போட்டுத் தேய்க்காமல், முதலில் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்த எழுத்து அழிந்தால் ஆளும் அழிந்த மாதிரிதான். பதக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட வேறு வழி இல்லை.