பிரதருக்குத் தமிழில் என்ன?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஒரு சொல்லிலேயே போய்விட்டன. அமெரிக்க இயக்குநர் மார்லன் ரிக்ஸ் 1989இல் எடுத்த 'டங்ஸ் அன்டைட்' ஆவணப்படத்தை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டில் பார்ப்பதாக ஏற்பாடு. தமிழ் சப்டைட்டில் என் பொறுப்பு. ஒரு மணி நேரம்கூட ஓடாத படம்தானே என்று உட்கார்ந்தேன்.

ஆரம்பமே சிக்கல். 'பிரதர் டு பிரதர்' என்று ஆண் குரல்கள் ஜெபம்போல முணுமுணுக்கின்றன. குரல் மேல் குரல் ஏறுகிறது, வேகம் கூடுகிறது. கறுப்பின ஆண்களைக் காதலிக்கும் கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள். 'அண்ணன் தம்பி' என்று போட்டால் யார் மூத்தவன் என்ற கேள்வி வந்துவிடும். 'சகோதரா'வில் பிரசங்க வாடை. 'உடன்பிறப்பே' என்றால் கலைஞரின் கரகரத்த குரல்தான் காதில் விழும். 'மச்சான்' நெருக்கமான சொல்தான், ஆனால் நடுவில் ஒரு தங்கச்சி வந்து நிற்கிறாள்!

அலுத்துப்போய், படத்தில் கவிதை சொல்லும் எசெக்ஸ் ஹெம்ஃபில்லைப் பற்றித் தேடிப் படித்தேன். வாஷிங்டனில் வளர்ந்த கவிஞர். அதே 1989இல் ஐசக் ஜூலியன் எடுத்த 'லுக்கிங் ஃபார் லாங்ஸ்டன்' படத்திலும் இவர் கவிதைகள் உண்டு. இவருடைய நண்பர் ஜோசப் பீம், கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் எழுத்தைத் திரட்டி 1986இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தவர். அடுத்ததற்கான வேலையில் இருந்தபோது, 1988இல் இறந்துபோனார். அந்த வேலையை ஹெம்ஃபில் கையில் எடுத்தார். கூட நின்றவர் பீமின் அம்மா டாரதி. மகன் விட்டுப்போன புத்தகத்தை மகனின் நண்பனோடு சேர்ந்து முடித்த அம்மா. 1991இல் அது வெளிவந்தது. தலைப்பு, 'பிரதர் டு பிரதர்'.

அதற்குப் பிறகு அகராதியைத் திறக்கவில்லை.

சப்டைட்டிலே தேவைப்படாத இடம் சொடக்குக் காட்சி. எப்படிச் சொடக்குப் போட்டால் என்ன அர்த்தம் என்று பாடமே நடத்துகிறார்கள். சொடக்குப் போட்டுக் கூப்பிட்டால் "நான் என்ன நாயா?" என்று கேட்கும் அம்மாவிடம் வளர்ந்தவன் நான். இங்கே சொடக்கு பதிலடி, வாக்கியத்துக்கு வைக்கும் முற்றுப்புள்ளி.

இந்தப் படத்துக்குப் போன 5,000 டாலர் அரசு நிதிதான் அமெரிக்காவில் பெரிய ரகளையானது. 1991இல் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் பல ஒளிபரப்ப மறுத்தன. மறு ஆண்டு, புஷ்ஷின் சொந்தக் கட்சியிலேயே அவரை எதிர்த்து நின்ற பேட் புக்கானன், அதிபர் புஷ்ஷைத் தாக்கும் தேர்தல் விளம்பரத்தில் இதன் துண்டுகளைப் பயன்படுத்தினார். எனக்கும் படத்தின் மேல் ஒரு குறை உண்டு. பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ரிக்ஸின் கடைசிப் படத்தில் ஏஞ்சலா டேவிஸ், பெல் ஹூக்ஸ் என்று கறுப்பினப் பெண்ணியவாதிகள் எல்லாம் வந்து பேசுகிறார்கள்.

எய்ட்ஸில் போனவர்களின் இரங்கல் படங்கள் வரிசையாக வரும் இடத்தில் நான் பலமுறை நிறுத்தினேன். முகம், முகம், முகம். கடைசியில் ரிக்ஸின் முகம். தனக்கும் ஹெச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரியும். 1994இல் போனார், 37 வயது. அடுத்த ஆண்டு ஹெம்ஃபில், 38.

ஞாயிறு இரவு திரையிட்டோம். தொடக்கத்து முணுமுணுப்புக்கு நான் எதுவும் போடவில்லை, திரையின் அடிப்பகுதி காலி. "சப்டைட்டில் வேலை செய்யல போல" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "பேசாம கேளுடா" என்றேன்.