சமையலறை மேசையில் ஓர் அறக்கட்டளை

வருகிற ஆவணியோடு அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பேரில் ஊரில் சின்னதாக ஓர் அறக்கட்டளை தொடங்கலாம் என்று அண்ணனும் நானும் தங்கையும் பேச ஆரம்பித்து எட்டு மாசம். வாட்ஸ்அப் குழுவில் இதுவரை பேசியதெல்லாம் பெயர்ப்பலகையில் இனிஷியல் ஒன்றா இரண்டா, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதுதான். யாருக்கு உதவப் போகிறோம் என்ற பேச்சு வரவே இல்லை.

அந்தக் குறையோடுதான் போன மாசம் அம்மாவை கலிஃபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் மான்டரே மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் இருக்கும் சன்னிவேலிலிருந்து ஒன்றரை மணி நேரம். கில்ராய் பக்கம் காருக்குள் பூண்டு வாசம் ஏறியதும், "யாரு வீட்டுல ரசம் வைக்காங்க?" என்றாள். அந்த ஊரே பூண்டுக்குப் பேர் போனது என்று சொன்னேன்.

உள்ளே ஒரு தொட்டியில் வெள்ளிக்காசை அள்ளி இறைத்த மாதிரி ஒரு மீன்கூட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. அம்மா தூத்துக்குடிக்காரி. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "ஏட்டி, இது நம்ம சாளைல்லா!"

நம் சாளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டிடம் நிற்கும் இடத்திலேயே ஒரு காலத்தில் சாளையை டப்பாவில் அடைத்தார்கள். ஹோவ்டன் என்ற நார்வேக்காரர் 1916இல் தொடங்கிய ஆலை அது. அளவில்லாமல் பிடித்ததும் கடலின் தட்பவெப்பம் மாறியதும் சேர்ந்து மீன் இல்லாமல் போனது. அந்தத் தெருவின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, கடைசியாக 1973இல் ஹோவ்டனும் மூடியது. அந்த இடத்தில்தான் 1984 அக்டோபரில் இந்தக் காட்சியகம் திறந்தது. பணம் போட்டது பேக்கர்ட் குடும்பம்.

ஹெச்பி பிரிண்டரில் இருக்கும் 'பி' இந்தப் பேக்கர்ட்தான் என்றேன் அம்மாவிடம். டேவிட் பேக்கர்டும் நண்பர் வில்லியம் ஹியூலெட்டும் 1939இல் பாலோ ஆல்டோவில் ஒரு கார் கொட்டகையில் 538 டாலர் முதலோடு தொடங்கிய கம்பெனி. டேவிட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மனசில் நிற்பது அவர் மனைவி லூசில். ஆரம்பத்தில் அவர் வேலைக்குப் போன சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. முதலில் செய்த கருவிகளின் முகப்புத் தகட்டுக்குப் பெயின்ட் அடித்து, அதைச் சூட்டில் இறுக்க லூசிலின் சமையலறை ஓவன் அடுப்புக்குள் வைத்தார்களாம்.

1964இல் கணவன் மனைவி பேரில் அறக்கட்டளை தொடங்கியபோதும் அது நடந்தது வீட்டுச் சமையலறை மேசையில்தான். வந்த கடிதங்களை லூசில் அங்கே உட்கார்ந்துதான் படித்தார். மூன்று பெண்ணும் ஒரு பையனுமாக நாலு பிள்ளைகள்; அந்த மேசையைப் பார்த்து வளர்ந்தவர்கள். நோயுற்ற குழந்தைகளின் இல்லத்தில் அவர் பல வருஷம் தொண்டு செய்தார். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகள் மருத்துவமனை கட்ட குடும்பம் 4 கோடி டாலர் கொடுத்தது. மறுவருஷம் லூசில் போய்ச் சேர்ந்தார். 1991இல் திறந்த மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

காட்சியகம் மகள்கள் வழி வந்தது. நான்சியும் அவர் கணவரும் கடல் உயிரியல் படித்தவர்கள். நண்பர்களோடு பேசிப் பேசி எழுபதுகளின் கடைசியில் இந்த யோசனையை அப்பாவிடம் கொண்டுபோனார்கள். ஐந்தரைக் கோடி டாலர் தந்த அப்பா, திறந்த பிறகு அது தன் வருமானத்தில் தானே நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பாசிகளைப் பற்றிப் படித்த இன்னொரு மகள் ஜூலி, திறந்த நாள் முதல் ஆண்டுக்கணக்கில் அதை முன்னின்று நடத்தினார்.

அம்மாவை அதிக நேரம் நிற்க வைத்தது கெல்ப் என்ற பெரிய கடற்பாசியின் காடு. 28 அடி உயரத் தொட்டி, மேலே திறந்த வானம். பொன்னிறமும் பழுப்புமாகப் பாசி அடியிலிருந்து நீர்மட்டம் வரை தென்னங்கீற்று போல ஆடுகிறது. கெல்புக்குச் சத்து உறிஞ்சும் வேர் கிடையாது. இலையாலேயே நீரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் இலையை ஒட்டியிருக்கும் சத்து தீர்ந்து பாசி வாடிவிடும். அதனால் தொட்டிக்குள் அலை வேண்டும். உலக்கை போல மேலும் கீழும் போய்வரும் அந்த அலை இயந்திரத்தை வடிவமைத்தது டேவிட் பேக்கர்டேதான். பிக் சுர் வீட்டில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. காட்சியகத்தில் கரைப்பறவைகள் இருக்கும் கூடத்துக்கான அலையையும் அவரே யோசித்துச் செய்தார். இன்னொன்று: பகலில் நாம் தெளிவாகப் பார்க்க வடிகட்டிய தண்ணீர் விடுகிறார்கள், ராத்திரியில் விரிகுடாவின் நீரை அப்படியே உள்ளே விடுகிறார்கள். அதோடு வரும் கடலுயிர்களின் சின்னஞ்சிறு குஞ்சுகளும் பாசி வித்துகளும் பாறையில் ஒட்டி வளர்ந்து, தொட்டி தானாகவே கடலாகிறது.

அம்மா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு ஆஸ்தி இருக்கவரு ஆளை வச்சுச் செய்ய முடியாதா? கையால செஞ்சிருக்காரு, பாத்தியா."

எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் சிப் ஆலைகளும் கருவி ஆலைகளும் பயன்படுத்திய கரைப்பான்கள் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கின்றன. நச்சுக் கழிவால் கெட்ட, சுத்தப்படுத்த வேண்டிய இடங்கள் என்று அரசு போட்ட சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறிய இடங்களில் பாலோ ஆல்டோவின் பேஜ் மில் சாலையிலிருந்த ஹெச்பி வளாகமும் ஒன்று. கடலைக் காத்த பணம் வந்த வழியில் இதுவும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனசில்லை. இரண்டும் உண்மை.

கிளம்பும் முன் கடல்நீர்நாய்களைப் பார்த்தோம். தாயை இழந்த குட்டிகளை இங்கே ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டு வளர்த்துத் திரும்பவும் கடலில் விடுகிறார்கள். குட்டி மனிதரோடு பழகிவிடக் கூடாது என்று பராமரிப்பவர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் பால் கொடுப்பார்களாம். யார் கொடுத்தார் என்று குட்டிக்குத் தெரியவே கூடாது. அம்மா அதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், எங்கள் குழுவில் அம்மாவின் குரல் செய்தி: "பலகை கெடக்கட்டும்ப்பா. ஸ்கூல்ல சொல்லி மனு வாங்குங்க. நான் படிக்கேன்." முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய ஆசிரியை. அதன் பிறகு அந்தக் குழுவில் இனிஷியல் பேச்சு எழவில்லை.

இதுவரை 11 மனு வந்திருக்கிறது. அண்ணன் ஸ்கேன் செய்து அனுப்ப, நான் அச்செடுத்துக் கொடுக்கிறேன். காலைக் காப்பிக்கு அப்புறம் அம்மா சாப்பாட்டு மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று ஒன்றை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகள், கல்லூரிக் கட்டணம் கேட்டு எழுதியிருந்தது. கடைசியில், உப்பு வெயிலில் மின்னி அம்மாவுக்குக் கண் எரிகிறது, ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைக்குமா என்று ஒரு வரி.

அந்த வரிக்கு அடியில் கோடு போட்டுவிட்டு, "அண்ணனைக் கூப்பிடுட்டி. அந்த அளத்துல எத்தனை பொம்பளைங்க வேலை பாக்காங்கன்னு கேக்கணும்" என்றாள். ஊரில் அப்போது ராத்திரி பத்தரை. கூப்பிட்டேன்.