காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தால்

கூடலூர், மசினகுடி, தெப்பக்காடு பக்கம் சுள்ளி பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவர்கள் மார்கழியிலிருந்து வைகாசி வரை குரங்குக் காய்ச்சலை மறக்கக் கூடாது. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ். 2012 கடைசியில் பந்திப்பூரிலும் 2015-ல் வயநாட்டிலும் ஆட்களைப் படுக்கவைத்தது. இரண்டும் நம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். குரங்குக்கு ஏது செக்போஸ்ட்?

இந்த வைரஸ் மனிதருக்கு வருவது உண்ணி கடித்து. கடிக்கிறது பெரும்பாலும் குட்டி உண்ணி. கடுகளவுகூட இராது, கடித்தால் வலிக்காது, அதனால் ஏறியதே தெரியாது. குரங்கு செத்ததும் அதன் மேலிருக்கும் உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகில் காத்திருக்கும். ஆகவே செத்த குரங்கைத் தொடாமலிருந்தால் மட்டும் போதாது, கிட்டவே போகக் கூடாது. வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொன்னால் மாலத்தியான் தூள் தூவி, பிறகு உடலை அப்புறப்படுத்துவார்கள்.

உள்ளே போகும்போது முழுக்கைச் சட்டை. பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். சருகின் மேல் உட்காராதீர்கள். திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள்.

ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி எச்சிலை இன்னும் உள்ளே கக்கலாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, வயிற்றைப் பிதுக்காமல் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேர்மேலே இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய்ப்பகுதி அறுந்து உள்ளே தங்கிவிடும்; தங்கினால் ஊசியால் நோண்ட வேண்டாம். பிடுங்கியதை நகத்தில் வைத்து நசுக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதை விட்டாக வேண்டும். செல்லோ டேப்பில் ஒட்டி மடித்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கடித்து 3 முதல் 8 நாளில் குளிரோடு திடீர்க் காய்ச்சல், தலைவலி, இடுப்பும் கழுத்தும் கழன்றுபோகிற வலி, வாந்தி, சிவந்த கண். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும். ஆகவே உடல்வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் போடாதீர்கள், பாராசிட்டமால் மட்டும். காட்டுக்குப் போனதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அங்கே மேயும் சிறு பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைபஸும் இப்படித்தான் தொடங்கும்; அது டாக்ஸிசைக்ளினுக்கு அடங்கும், இது அடங்காது. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. நீர்ச்சத்து குறையாமல், ரத்தத் தட்டணுவைக் கவனித்துக் கடத்த வேண்டியதுதான்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடாதீர்கள். 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு மூன்றாவது வாரத் தொடக்கத்தில் மறுபடி ஏறும். இம்முறை தாங்க முடியாத தலைவலி, கை நடுக்கம், பார்வை மங்கல், பேச்சுக் குழப்பம் என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.