கொட்டேஷனின் கடைசி வரி

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், கணினிகளைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்திக் கொடுக்கும் கடையொன்றில் நெடுங்காலமாக வேலை பார்த்து வருகிறேன். முன்புறம் விற்பனை மேசை, பின்புறம் சர்வீஸ் மேசை. இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். விற்கும்போது எழுதிக் கொடுக்கும் கொட்டேஷனையும், ஓராண்டு கழித்து அதே இயந்திரம் பழுதுக்கு வரும்போது திறந்து பார்க்கும் கேபினட்டையும் ஒரே ஆள் பார்ப்பதால், எந்த வரியில் மிச்சம் பிடித்த பணம் எந்த வடிவத்தில் திரும்பி வரும் என்பது ஓரளவு எனக்குப் பிடிபட்டிருக்கிறது.

கேமிங் கணினி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரை முடிவு செய்துகொண்டுதான் படியேறுவார்கள். அது கிராபிக்ஸ் கார்டின் பெயர். அதில் தவறேதும் இல்லை. விளையாட்டுக்கென்று கட்டப்படும் கணினியில் ஏறக்குறைய பாதிப் பணம் கார்டுக்குப் போவது நியாயமே. கார்டு, ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் என்று மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு வரும்போது கையிலிருக்கும் தொகை கரைந்துகொண்டே வருகிறது. மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும், கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜும் அடியில் நிற்கின்றன. "மிச்சத்துல அடக்கிடுங்கண்ணா" என்ற சொல் அங்கேதான் வரும். பழுதுக்கு வரும் இயந்திரங்களில் நான் அதிகம் பார்ப்பது அப்படி அடக்கப்பட்ட இந்த இரண்டையும்தான். அதனால் கொட்டேஷனைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு கல்லூரி மாணவனும் அவன் தந்தையும் வந்திருந்தார்கள். எழுபதாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது தந்தையின் நிபந்தனை. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, ரைசன் 5 5600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, விநாடிக்கு 7000 மெகாபைட் படிக்கும் 500 ஜிபி ஜென்4 (இணைப்பின் நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டி, மற்றதெல்லாம் மிச்சத்தில் என்பது மகனின் பட்டியல். "இது படிப்புக்கும் ஆகும்தானே சார்?" என்று தந்தை கேட்க, "எல்லாத்துக்கும் ஆகும்ப்பா" என்று என்னை முந்திக்கொண்டு மகனே பதில் சொன்னான். அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி கார்டைப் பற்றியதன்று. "தம்பி, வீட்டுல நெட் என்ன ஸ்பீடு?" என்றேன். 40 எம்பிபிஎஸ் என்றான்.

அந்த ஒரு விடையிலேயே ஸ்டோரேஜின் அளவு பெரும்பாலும் முடிவாகிவிடும். 100 ஜிபி கொண்ட ஒரு விளையாட்டை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, இடையூறே இல்லையென்றாலும் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். அதே நேரத்தில் வீட்டில் வேறு யாராவது தொலைக்காட்சியில் படம் பார்த்தால் இரவு முழுவதும் ஓடவிட வேண்டியதுதான். அவன் விளையாட விரும்பியவற்றில் பல்துர்ஸ் கேட் 3 தனியாகவே 150 ஜிபி இடம் கேட்கிறது. ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி. 500 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருப்பது, ஆயிரத்தின் மடங்கில் எண்ணும் தயாரிப்பாளர் கணக்கு. 1024இன் மடங்கில் எண்ணும் விண்டோஸில் அது 465 என்றுதான் தெரியும். அதில் விண்டோஸும் கல்லூரி மென்பொருள்களும் உட்கார்ந்த பின் இவ்விரண்டையும் ஏற்றினால், மூன்றாவதாக ஒரு பெரிய விளையாட்டுக்கு இடம் திண்டாட்டமாகிவிடும். ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றுவதும், பிறகு அழித்ததையே மீண்டும் இரவெல்லாம் இறக்குவதுமாக நாட்கள் போகும். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இது பெரிய தொல்லையன்று. அவரிடம் நான் வற்புறுத்துவதும் இல்லை.

அவன் பட்டியலில் பணம் கொடுத்தும் கிடைக்காத ஒன்று இருந்தது. பி450 மதர்போர்டில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் ஜென்3 வேகத்தைத் தாண்டாது. 7000 மெகாபைட் எஸ்எஸ்டியை அதில் பொருத்தினால் அது குறையில்லாமல் ஓடும். ஆனால் ஏறக்குறைய 3500இல் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060 பார்வைக்குப் பெரிய ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் அது பயன்படுத்துவது 8 லேன்களை, அதாவது தகவல் ஓடும் பாதைகளை, மட்டுமே. ஜென்4 போர்டில் இது உறைப்பதில்லை. ஜென்3 போர்டில் அந்த எட்டின் வேகமும் பாதியாகிவிடுவதால், கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பித் தகவல் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும் வேளையில் ஆட்டம் திக்கித் திக்கி நகரும். எனவே அவனுக்கு பி550 போர்டை எழுதினேன். முதல் எம்.2 ஸ்லாட் ஜென்4, இரண்டாவது ஜென்3. இரண்டாவதைக் காலியாக விட்டு வைப்பதுதான் என் உத்தேசம். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஹார்டுடிஸ்க் போன்றவற்றை மாட்டும் சாட்டா இணைப்புகளில் ஓரிரண்டு செயலற்றுப் போகும். கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தக் குறிப்பை விற்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

வேகத்தைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் பேசுவது எனக்கு எப்போதுமே கடினமாக இருந்திருக்கிறது, ஏனென்றால் எண்கள் அவர்கள் பக்கம் நிற்கின்றன. விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கில் சாட்டா எஸ்எஸ்டி 550, ஜென்3 எஸ்எஸ்டி 3500, ஜென்4 7000, ஜென்5 என்றால் 14,000 வரை. எண் இரட்டித்தால் விளையாட்டு திறக்கும் நேரமும் பாதியாகும் என்று யாரும் எண்ணுவது இயல்பே. ஹார்டுடிஸ்க்கிலிருந்து ஏதாவதொரு எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் லாபம் பெரும்பாலான விளையாட்டுகளில் ஓரிரு விநாடிகளே. பெட்டியில் அச்சிடப்படும் எண், பெரிய கோப்பொன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். விளையாட்டு திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடிப் படிக்க வேண்டும்; படித்ததை ப்ராசஸர் சுருக்கம் பிரித்தாக வேண்டும். அந்த வேலையில் எஸ்எஸ்டி காத்திருக்கும் நேரமே அதிகம். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 தன் எஸ்எஸ்டியை மையமாக வைத்தே வடிவமைக்கப்பட்டது. விளையாட்டுகள் எஸ்எஸ்டியிலிருந்து வேகமாகப் படிக்க உதவும் டைரக்ட்ஸ்டோரேஜை மைக்ரோசாஃப்ட் 2022இல் கணினிக்கும் கொண்டு வந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்தும் விளையாட்டுகள் இன்னும் குறைவு. எஸ்எஸ்டி கட்டாயம் என்று தேவைப் பட்டியலிலேயே எழுதும் விளையாட்டுகள் பெருகிவிட்டன. ஜென்5 கட்டாயம் என்று எழுதியதை நான் பார்த்ததில்லை.

ஆகவே வேகத்தில் ஒரு படி இறங்கி, கொள்ளளவில் ஒரு படி ஏறச் சொல்வேன். அப்போது இன்னொரு வலை காத்திருக்கும். 1 டிபி (ஆயிரம் ஜிபி) என்று தேடினால் விலை குறைந்தவையாக முதலில் வருபவை பெரும்பாலும் க்யூஎல்சி வகை. எஸ்எஸ்டிக்குள் தகவல் தங்கும் நுண்ணறையான செல் ஒன்றில் மூன்று பிட்டுகளை வைப்பது டிஎல்சி, நான்கை வைப்பது க்யூஎல்சி. ஒரு பிட் கூடினால் செல்லுக்குள் பிரித்தறிய வேண்டிய மின்னழுத்த நிலைகள் எட்டிலிருந்து பதினாறாகின்றன. எழுதுவது மெதுவாகிறது, தேய்மானம் கூடுகிறது. புதிதாக வாங்கிய அன்று இது தெரியவே தெரியாது. காலியாக உள்ள செல்களில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் தற்காலிகக் கிடங்காகப் பயன்படுத்தி வேகமாக எழுதிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நான்கு நான்காக அடுக்கிக்கொள்வது அதன் தந்திரம். இடம் நிரம்ப நிரம்ப அந்தக் கிடங்கு சுருங்குகிறது. முக்கால் பாகம் நிரம்பிய க்யூஎல்சி எஸ்எஸ்டியில் நூறு ஜிபி விளையாட்டொன்றை நகலெடுத்துப் பாருங்கள்; முதல் சில நிமிடங்கள் பறந்துவிட்டு, பிறகு ஹார்டுடிஸ்க்கைவிடக் கீழான வேகத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. "அப்டேட் போடும்போது மட்டும் சிஸ்டம் தொங்குதுண்ணா" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகையே. மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று சொல்லும் டிபிடபிள்யூ வரியைப் பார்த்தாலே ஓரளவு அடையாளம் தெரிந்துவிடும்: 1 டிபி கொண்ட சாம்சங் 970 ஈவோ பிளஸுக்கு 600, அதே கொள்ளளவுள்ள க்ரூஷியல் பி3க்கு 220. விளையாடுவதற்கு மட்டும் என்றால் 220 தீர்வதற்கும் பல ஆண்டுகளாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே விண்டோஸ் இருக்கும் முதல் எஸ்எஸ்டி டிஎல்சியாக இருக்கட்டும், விளையாட்டுகளை மட்டும் குவித்து வைக்கும் இரண்டாவதற்கு க்யூஎல்சி போதும் என்பது என் தீர்மானம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் இவ்வளவு நிதானம் எனக்கு இல்லை. கேபினட்டோடு இலவசமாக வரும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று இருக்கும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்தால் 16 என்று இருக்கக்கூடும். பெருக்கினால் 192 வாட்ஸ். ப்ராசஸரும் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட்ஸ் போதும் என்பதால் கணினி இயங்கவே செய்யும். கோடையில் முழுச் சுமையோடு ஓடும்போதுதான் திடீரென்று அணையும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள, தெரிந்த நிறுவனத்தின் 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் அவனுக்குப் போதுமானதாக இருந்தது; கார்டை மாற்ற நேர்ந்தாலும் தாங்கும். இதில் பேரம் பேசாதீர்கள் என்று தந்தையிடம் நேராகவே சொன்னேன். அவர் வீட்டில் பழைய யுபிஎஸ் ஒன்று இருக்கிறது என்றார். மலிவான யுபிஎஸ்கள் தருவது படிக்கட்டு வடிவ அலை. இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் சில, மின்சாரம் போன நொடியில் அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும். மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

பணம் அதற்குள் இறுகிவிட்டது. வண்ண விளக்கு விசிறிகள் ஆறும் கண்ணாடி முகப்பும் கொண்ட கேபினட்டைப் பையன் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. முகம் வாடியதையும் பார்த்தேன். வெப்பத்தைக் கருதினாலும் வலை முகப்பே சென்னைக்கு ஏற்றது. பல போர்டுகளில் முதல் எம்.2 ஸ்லாட், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே, இரண்டின் சூடும் படும் இடத்தில் இருக்கிறது. முகப்பு அடைத்துக்கொண்டால் எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கென்றே போர்டுகளில் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் வருகிறது. வேறெங்கோ பொருத்தப்பட்டுச் சர்வீஸுக்கு வரும் இயந்திரங்களில் அந்த ஹீட்சிங்கைக் கழற்றினால், அடியிலுள்ள, சூட்டைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடின் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் படலம் உரிக்கப்படாமல் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்டியின் சூட்டில் படலத்தின் நடுப்பகுதி குமிழிட்டு, அதில் அச்சிட்ட எழுத்து மட்டும் மங்கலாகத் தெரியும். அதை உரித்துவிட்டுத் திரும்பப் பூட்டினாலே புகார் முடிந்துவிடும். உரிமையாளரிடம் கூலி கேட்கத்தான் கூச்சமாக இருக்கும்.

இறுதியில் 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி ஒன்றும், 8 ஜிபியாக இரண்டு ரேம்களும் எழுதினேன். 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்கினால் மீதி ஸ்லாட்டில் பிறகு சேர்க்கலாம் என்ற வாதம் கவர்ச்சியானது. ஆனால் ஒரே துண்டு ரேம் ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடும்போது ரைசன் கணினிகளில் ஆட்டத்தின் ஓட்டம் உடனே அடிபடுகிறது. பிறகு விலை எப்படி இருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்டுடிஸ்க் விலை எகிறியதை எங்கள் கடையின் மூத்தவர் இன்னும் சொல்வார். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறியபோது, காலி ஸ்லாட்டோடு காத்திருந்தவர்கள் கொட்டேஷனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

தந்தை ஒரு பையில் வீட்டுப் பழைய கணினியின் 1 டிபி ஹார்டுடிஸ்க்கைக் கொண்டு வந்திருந்தார். அதையே போட்டுவிட்டால் எஸ்எஸ்டியில் கொஞ்சம் மிச்சமாகுமே என்பது அவர் எண்ணம். சோதித்தபோது மஞ்சள் எச்சரிக்கை வந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் இருந்த செக்டார்கள் (வட்டின் சிறு பகுதிகள்) சில தெரிந்தன. குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை. அவற்றை முதலில் நகலெடுத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கினோம். புதிய எஸ்எஸ்டிக்கு ஐந்தாண்டு வாரண்டி உண்டென்றாலும், அது பொருளுக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் படங்களுக்கு இல்லை என்று விளக்கி, படங்களுக்கென்று தனியாக வெளிப்புற ஹார்டுடிஸ்க் ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எஸ்எஸ்டியின் சீரியல் எண் ஹீட்சிங்கின் அடியில் மறைந்துவிடும் என்பதால், பொருத்துவதற்கு முன்பே லேபிளைப் படம் எடுத்துத் தந்தையின் செல்பேசிக்கு அனுப்பி, பில்லிலும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன்.